காது மடிப்பில் நீல நூல்

வாக்குமூலம் அளிப்பவர் பெண், வயது அறுபத்திரண்டு. தொழில், தொலைக்காட்சியில் பொம்மை ஆட்டுவதும் பின்னணிக் குரல் கொடுப்பதும். தற்போது ஒரு பொம்மை நிறுவனத்தில் அடையாள நிபுணர். இருப்பிடம், அரசு மருத்துவமனைக்குப் பின்தெரு, மூன்றாவது மாடி, தங்கை குடும்பத்துடன். முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இணைப்புத் தாளில் உள்ளன. ஆய்வாளர் முன்னிலையில், நிலைய எழுத்தர் எழுத, காலை பத்தரை மணிக்குத் தொடங்கப்பட்டது.

வேலை செய்த இடத்தில் என்னை எல்லோரும் குரலம்மா என்பார்கள். என்னை இங்கே யாரும் அழைத்து வரவில்லை, யாரும் மிரட்டவில்லை, நானாகவே வந்தேன். நீதிமன்றத்தில் பொய் சாட்சி சொல்வது குற்றம் என்றும், இப்போது நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். "படிச்சவங்க, யோசிச்சுப் பேசுங்கம்மா" என்றும் சொன்னார். ஐந்து வாரமாக யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். கொஞ்சூண்டு என்ற கழுதைக்குட்டிப் பொம்மையைத் திருட்டுத்தனமாகச் செய்து விற்றதாக ஆறு மாதத் தண்டனை பெற்று மகளிர் சிறையில் இருக்கும் தையல்காரி, அந்தப் பொம்மையைத் திருடவில்லை. அதை முதன்முதலில் செய்தவளே அவள்தான். அவள் செய்தாள் என்பது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்தே நான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். அவளை நான் எப்போதும் வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். அதனால் இங்கும் அவள் என்றே சொல்கிறேன், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சிப் பிரிவில் நான் மாதச் சம்பளத்தில் இருந்தேன். அங்கே தையல்காரி கூப்பிட்டால் வந்து தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள், நிலையத்து ஆள் இல்லை. எதைப் பார்த்தாலும் "எனக்குக் கொஞ்சூண்டு தாங்களேன்" என்று கேட்கிற ஒரு கழுதைக்குட்டியை வைத்து நிகழ்ச்சி நடத்தலாம் என்று இயக்குநர் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். திங்கட்கிழமை படப்பிடிப்பு. கழுதை எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் வரைந்து கொடுக்கவில்லை. நானும் வரையவில்லை, எனக்கு வரையவே வராது. நான் கழுதை வரைந்தால் அதற்குப் பக்கத்தில் கழுதை என்று எழுதிவைக்க வேண்டியிருக்கும். தையல்காரிதான் காவலாளிகளின் சீருடைக்கு வாங்கி மிஞ்சிய சாம்பல் நிறத் துணியை எடுத்து, ஒப்பனை அறையின் மூலையில் உட்கார்ந்து இரண்டு நாளில் வெட்டித் தைத்தாள். கண்ணுக்குக் கோட்டுப் பொத்தான் வைத்தாள். வயிற்றில் தன் பழைய போர்வையின் பஞ்சை அடைத்தாள். வலது காதுக்குத் துணி போதவில்லை. இரண்டு துண்டை ஒட்டுப் போட்டாள். ஒட்டு கேமராவில் தெரியும் என்பதால் அந்த இடத்தை முன்பக்கமாக மடித்து, மடிப்புக்குள் இரண்டு ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தினாள். சாம்பல் துணிக்கு ஏன் நீல நூல் என்று கேட்டேன். "துணி வந்ததும் பிரிச்சு நல்லா தைச்சிடறேன்க்கா. பிரிக்கறப்ப கண்ணுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்" என்றாள்.

அந்தத் துணி வரவே இல்லை. திங்கட்கிழமை படம் பிடித்துப் பார்த்ததும் இயக்குநர், அந்தக் காதை யாரும் தொடக்கூடாது, அந்தக் காதுதான் பொம்மையே என்றார். அதன் பிறகு பதினோரு வருடம் அந்த நிகழ்ச்சி ஓடியது. ஊரில் குழந்தைகள் தலைமுடியை ஒரு பக்கம் மடித்துக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த நிலையத்தின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பொருள் அறையில் ஒரு பதிவேடு இருந்தது. அதில் என்ன பொருள், எந்தத் தேதி, செய்தவர் யார் என்று கட்டங்கள் உண்டு. வெளியாட்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது விதி. அதனால் பொருளை வாங்கி வைக்கிற நிலையத்து ஆளே செய்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பதிவேட்டின்படி நான் நாற்காலி செய்தவள், பொய்த்தாடி கட்டியவள், ஒரு நாடகத்துக்குச் சவப்பெட்டியும் செய்து கொடுத்தவள். கொஞ்சூண்டுக்கு எதிரேயும் என் கையெழுத்துத்தான் இருக்கிறது.

ஐந்தாவது வருடம் நிலையத்தின் வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பொம்மையின் உருவத்துக்குப் பதிப்புரிமையும், மடிந்த காதுள்ள முகத்துக்கு டிரேட் மார்க்கும் வாங்கப்போகிறோம், நீங்கள்தான் உருவாக்கினீர்கள் என்று பதிவேட்டில் இருக்கிறது, நிலையத்துச் சம்பளத்தில் இருந்தபோது செய்ததால் உரிமை நிலையத்துக்கு என்று இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம் என்று வரும் வழியில்கூட நினைத்தேன். படித்தேன். இரண்டு முறை படித்தேன். தையல்காரியின் பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் வழக்கறிஞர், இனி நிகழ்ச்சி முடிவில் 'உருவாக்கமும் குரலும்' என்று உங்கள் பெயர் தனியாக வரும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்து, மடிந்த காது யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது, அதற்கு ஒரு காது மடிந்தே இருக்கும், அது செத்த அன்று நான் சாப்பிடவில்லை என்று சொன்னேன். எனக்கு எந்தக் காலத்திலும் நாய் இருந்ததில்லை. எனக்கு நாய் என்றால் பயம். அந்தக் கட்டுரை என் படத்தோடு வந்தது. அடுத்த வாரம் தையல்காரி வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொம்மையின் வயிற்றுத் தையல் விட்டிருந்ததைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "நல்லா பேசறான்க்கா நம்ம புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிகழ்ச்சி நின்ற பிறகு நிலையம் கொஞ்சூண்டின் உரிமையை ஒரு பெரிய பொம்மை நிறுவனத்துக்கு விற்றது. பையில், குடையில், பல் விளக்கும் பிரஷ்ஷில் எல்லாம் கழுதைக்குட்டி வந்தது. போலிகளும் வந்தன. அசல் எது போலி எது என்று கண்டுபிடிக்க ஒரு ரகசிய அடையாளம் வேண்டும் என்று நிறுவனத்தார் கேட்டபோது, காது மடிப்புக்குள் இரண்டு நீலத் தையல் போடுங்கள், போலி செய்கிறவன் மடிப்புக்குள் பார்க்க மாட்டான் என்று யோசனை சொன்னவள் நான். பிரித்துவிடுவதற்காக அவள் போட்ட நூல் அப்படித்தான் நிறுவனத்தின் முத்திரை ஆயிற்று. அந்தத் தையல்தான் அடையாளம் என்பது எனக்கும், நிறுவனத்தின் வழக்கறிஞருக்கும், தொழிற்சாலை மேலாளருக்கும் மட்டும்தான் தெரியும். அதன் பிறகு என்னையே அடையாள நிபுணராக வைத்துக்கொண்டார்கள். சோதனைக்குப் போகும் காவலர்களோடு நானும் போவேன். குவியலில் இருந்து மூன்று பொம்மையை எடுத்து மடிப்பைப் பார்ப்பேன். மூன்றில் நூல் இல்லை என்றால் குவியல் மொத்தமும் போலி என்று சான்றிதழ் கொடுப்பேன். இப்படிப் பதினாறு இடங்களுக்குப் போயிருக்கிறேன். பதினேழாவது, தையல்காரியின் வீடு.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். யார் வீடு என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்வதும் வழக்கமில்லை. சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை, படியெல்லாம் இஸ்திரி வாசனை. வயதானவர் நீங்களே முன்னால் போய்க் கதவைத் தட்டுங்கள், சந்தேகம் வராது என்கிற பொருளில் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். தட்டினேன். தையல்காரி கதவைத் திறந்தாள். நாங்கள் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தவள், "அக்கா! என்னக்கா இப்படிச் சொல்லாம கொள்ளாம! உள்ள வாங்க, வாங்க" என்று என் கையைப் பிடித்தாள். உடனே நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு, தன் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். நான் உறவு கொண்டாட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். என் பின்னால் காவலர்கள் உள்ளே வந்த பிறகும் அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அறையில் நாற்பத்து மூன்று கொஞ்சூண்டுகள் இருந்தன. இருபத்தொன்பது அலமாரியில், புதிதாகத் தைத்தவை. பதினான்கு ஒரு பிளாஸ்டிக் கூடையில். கூடையில் இருந்தவை நீல நூல் அடையாளம் வருவதற்கு முன்பு வந்த பழைய தொழிற்சாலைப் பொம்மைகள். அப்போது தொழிற்சாலையில் காதைத் தைக்காமல், மடிப்பையும் பசை வைத்தே ஒட்டியதால் அது சீக்கிரம் கையோடு வந்துவிடும். காது பிய்ந்த பொம்மைகளைத் தெருவில் உள்ள பிள்ளைகள் அவளிடம் கொண்டுவந்து கொடுக்க, அவள் ஒட்டிக் கொடுக்காமல் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதன் பிறகுதான் சிலர் புதிதாகவே ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கூடைப் பொம்மை ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. மாடி வீட்டுப் பாப்பா, சனிக்கிழமை. பேருந்து ஓட்டுநர் மகன், பள்ளி விட்டதும். இப்படி.

வழக்கறிஞர் அலமாரியில் இருந்து இரண்டும் கூடையில் இருந்து ஒன்றும் எடுத்து என் கையில் கொடுத்தார். முதல் பொம்மையின் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே இரண்டு நீலத் தையல் இருந்தன. இரண்டாவதிலும் இருந்தன. மூன்றாவதில் பழைய பசைக் கறைக்கு மேல் புதிதாகப் போட்ட இரண்டு நீலத் தையல். மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த அடையாளம் அவள் கையில் தானாக வந்திருக்கிறது என்றால், அது அவளுடையது என்று பொருள். வேறு எந்தச் சாட்சியும் வேண்டாம், அந்த நூல் போதும். இது அங்கே நின்றபோதே எனக்குப் புரிந்தது, பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது இல்லை.

வழக்கறிஞர், "மேடம், நூல் இருக்கா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி இவளுக்கு எப்படித் தெரியும் என்பதுதான். அதற்கடுத்தது பதிவேடு. அதற்கடுத்தது நான் போட்ட கையெழுத்து, என் பெயர், என் நாய். நான் "இல்லை" என்றேன்.

தையல்காரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பொம்மையைப் பார்த்தாள். தையல் போட மறந்துவிட்டோமோ என்று பார்க்கிற பார்வை அது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டுகூடப் பார்த்தாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை.

அதன் பிறகு அவள், "சார், கூடையில இருக்கறது பசங்களோடது. ரிப்பேருக்கு வந்தது, அத மட்டும் விட்டுடுங்க" என்றாள். காவல் அதிகாரி என்னைப் பார்த்தார். மாதிரி எடுத்துப் பார்த்தாகிவிட்டது, மொத்தமும் ஒரே வகைதான் என்று சொன்னேன். சான்றிதழில் 'அடையாளக் குறி காணப்படவில்லை' என்று முன்பே அச்சடித்து இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டேன். மகஜரில் நாற்பத்து மூன்று போலிப் பொம்மைகளும், ஒரு தையல் இயந்திரமும், நீல நூல் கண்டு இரண்டும் எழுதினார்கள். இயந்திரத்தைப் படியில் இறக்கும்போது அவள் கூடவே ஒரு கை பிடித்துக் கொடுத்தாள், இடித்துவிடக் கூடாதே என்று. இறங்கும்போது என்னிடம், "தண்ணி கூடக் குடிக்காமப் போறீங்களேக்கா" என்றாள்.

அதன் பிறகு நீதிமன்றத்தில் கூண்டில் நின்று, இந்த உருவம் நான் உருவாக்கியது, இந்தப் பொம்மைகள் போலி என்று சத்தியம் செய்து சொன்னேன். அவளுக்கு அரசு கொடுத்த வழக்கறிஞர் சின்னப் பெண். பொம்மைகளை நீதிமன்றத்திலேயே பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிக் கேட்டுவிட்டால் என் கதி என்ன என்று எனக்கு அன்று வியர்த்துக்கொட்டியது. நீதிபதி தையல்காரியிடம், சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா சொன்னா சரியாதான் சார் இருக்கும்" என்றாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாள். ஆறு மாதம் என்று தீர்ப்பானது. அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஒப்புக்கொண்டாள் என்று அன்று நினைத்தேன். நன்றியாகக்கூட இருந்தது. அந்த நன்றியை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

தீர்ப்புக்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் பொம்மைகளை அழித்தார்கள். நிறுவனத்துக் கிடங்கின் பின்புறம் அட்டைகளை அரைக்கிற இயந்திரத்தில் போட்டார்கள். நிபுணர் முன்னிலையில் அழிக்க வேண்டும் என்பதால் நான் நின்றேன். கூடையில் இருந்தவற்றின் சீட்டுகளை யாரும் எடுக்கவில்லை. 'சனிக்கிழமை' என்று எழுதியது உள்ளே போனதை நான் பார்த்தேன். அழிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன். ஆகவே அந்த நூலைக் காட்ட இப்போது அந்தப் பொம்மைகள் இல்லை.

ஆனால் முதல் கொஞ்சூண்டு இருக்கிறது. நிறுவனத்தின் வரவேற்பு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுத்து வலது காதின் மடிப்பைப் பிரித்தால் நீல நூலும், அதற்குக் கீழே காவலாளிச் சீருடைத் துணியின் ஒட்டும் தெரியும். அந்த ஒட்டு இருப்பது அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அப்போதைய இயக்குநர் இறந்துவிட்டார். மடிப்பைப் பிரிக்கும்போது என்னை அருகில் விட வேண்டாம், அவளையே பிரிக்கச் சொல்லலாம்.

போன புதன்கிழமை மகளிர் சிறையில் மனுப் போட்டு அவளைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொலைபேசியில் பேசினாள். இளைத்திருந்தாள். உள்ளே சீருடைகளுக்குப் பொத்தான் வைக்கிற வேலை கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், நீ மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போடு, எனக்காக நீ ஏன் உள்ளே இருக்க வேண்டும் என்றேன். அவளுக்கு நான் சொல்வது விளங்கவில்லை. "உங்களுக்காக இல்லக்கா. தப்புன்னுதான் ஒத்துக்கிட்டேன்" என்றாள். "முதல்ல நான்தான் செஞ்சேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் உங்க நாயப் பத்திப் பேப்பர்ல படிச்சேன். அப்ப நீங்க சொல்லித்தான் காத மடிச்சிருக்கேன், நான்தான் மறந்துட்டேன் போல. அத்தனை வருஷமா டிவியில உங்க பேரு வந்துச்சு, அவ்ளோ பேரு தப்பா போடுவாங்களா?" என்றாள்.

நாயே இல்லை என்று சொன்னேன். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, துணி போதாமல் நீயாக மடித்தாய், நீல நூல் நீ போட்டது என்று சொன்னேன். அழுதேன். மூன்று முறை சொன்னேன். அவள் கண்ணாடியில் கை வைத்து, அழாதீர்கள் என்பது போல் தலையை ஆட்டினாள். "எனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்காதீங்கக்கா, வயசான காலத்துல" என்றாள். அதற்குள் நேரம் முடிந்தது என்று தொலைபேசியைத் துண்டித்துவிட்டார்கள்.

அவளை அடித்துப் பிடுங்கியிருந்தால்கூட அவளுக்குத் தன்னுடையது எது என்று தெரிந்திருக்கும். அதைக்கூட நான் அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை. இதற்கு எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று ஆய்வாளரிடம் கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் படிக்கும்போது அவளையும் வரவழைப்பார்கள். இது உண்மையா என்று அவளிடம் கேட்பார்கள். இல்லை சார், அக்கா எனக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் சொல்வாள். மனதார அப்படி நம்பித்தான் சொல்வாள். தயவுசெய்து அவள் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் என் கண்ணால் படித்துப் பார்த்தேன், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இதில் உள்ள அத்தனையும் நடந்தது நடந்தபடி. கொஞ்சூண்டை உருவாக்கியவள் நான் அல்ல என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)